கவிஷாவைப் பால் மறக்கடித்தவர் யார்

பதுளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் விஜேந்திரனுக்கு அம்மா எழுதுவது,

நேற்று இரவு உன் மகள் கவிஷா பால் கேட்காமல் விடியும்வரை தூங்கினாள். இதை உறுதிப்படுத்தியவர் உன் மனைவி பிரஷாந்தினி. ஒருவர் வாயால் சொன்னதை மட்டும் வைத்து நான் எதையும் எழுதுவதில்லை என்பது உனக்குத் தெரியும், அதனால் இடையில் எழுந்து போய்க் கதவருகே நின்று நானும் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார். இந்த வாரம் முழுக்க இப்படித்தான், ஆனால் முதல் நாளே எழுதினால் அது செய்தியாக இருக்காது, எங்கள் ஆசையாக இருக்கும் என்று பொறுத்திருந்தேன். மற்றப்படி இங்கே எல்லோரும் சுகம், குளிர் தொடங்கிவிட்டதால் அப்பாவுக்கு முழங்கால் பிடிப்பு, அதோடு கடைக்குப் போய்வருகிறார். நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். நன்றாகத் தூங்கு. பொங்கல் விடுமுறைக்கு வந்தால் அது உனக்குக் கிடைக்காது, ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இதைக் கடிதமாக எழுதக் காரணம், ஃபோனில் இந்தப் பேச்சை எடுத்தாலே உனக்கு லைன் சரியில்லாமல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்தக் குறை இல்லை. பக்கத்து வீட்டு ஸல்மாவின் மகன் ஷிபான் புதன்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் மிளகாய்த்தூளும் வறுத்த அரிசிமாவும் இந்தக் கடிதமும் வருகின்றன. மிளகாய்த்தூள் மேலே இருக்கும், கடிதம் அதற்கு அடியில். அந்த ஒழுங்கிலேயே எடு, காரம் கூடிக்கொண்டு போகும்.

வைகாசியில் விடுமுறை முடிந்து நீ அங்கே போய் இறங்கிய கையோடு குடும்ப வாட்ஸப் குழுவில் போட்ட குரல்பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை. “ரெண்டு வயசாகியும் ராத்திரி பால விடமாட்டேங்குது, இவ கெஞ்சிக்கிட்டே இருந்தா, நான் வந்து ஒரே ராத்திரியில நிப்பாட்டிக் காட்டினேன்” என்று சொல்லியிருந்தாய். அதற்குக் கீழே அப்பாவின் அக்கா, உன் அத்தை சந்திரகாந்தி, “தம்பி மகன் ஆம்பிள, செஞ்சு காட்டிட்டான். பிரஷாந்தினிக்கு மனசுல தெம்பு காணாது” என்று பேசிப் போட்டார். அதற்கும் கீழே சொந்தக்காரர்கள் எல்லோருடைய கட்டைவிரலும் வரிசையாக வந்தது. பிரஷாந்தினி அப்போது மார்பில் வீக்கம் வற்றாமல், கையைத் தூக்கித் தலை வாரமுடியாமல் இருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அதைக் கேட்டாள். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அந்த இடத்தில் நான் முடிவெடுத்தேன். பெற்ற தாய் மகனைப் பழிவாங்குவாளா என்று நீ கேட்கலாம். வாங்குவாள். அவசரப்படாமல், தகவல்களைச் சரிபார்த்துக்கொண்டு வாங்குவாள்.

நடந்தது என்னவென்று நீ மறந்திருந்தால் எழுதிவைக்கிறேன். பெரகலயில் சந்திக்குக் கீழே மண் சரிந்து வீதி மூடிக்கிடந்தது, பத்திரிகைக்குச் செய்தி எடுக்கப் போன நான் திரும்ப வழியில்லாமல் அன்றிரவு ஒரு கடைக்காரர் வீட்டில் தங்கவேண்டி வந்தது. நான் இல்லாத நாளாகப் பார்த்து நீ கவிஷாவை, அத்தையிடம் காட்டிவிட்டுப் பின்னேரம் வந்துவிடுகிறேன் என்று பிரஷாந்தினியிடம் சொல்லி மொனராகலை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாய். பின்னேரம் ஃபோன்தான் வந்தது. “இங்கேயே நிக்கட்டும், ரெண்டு நாள்ல மறந்துரும், அத்தை பாத்துக்குவாங்க” என்றாய். பால் மறக்கடிக்கப் பிள்ளையை வேறு வீட்டில் கொண்டுபோய் விடுவது நம்முடைய ஆட்கள் நெடுங்காலமாகச் செய்வதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தாயிடம் சொல்லிவிட்டுச் செய்வார்கள்.

குடித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று இல்லாமல் போனால் பால் எங்கே போகும் என்று உங்கள் இருவரில் ஒருவரும் யோசிக்கவில்லை. உன் அத்தை மட்டும் அரைகுறையாக யோசித்திருக்கிறார். பால் வற்றுவதற்கு மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்களே, அதற்காக அப்பாவுக்கு ஃபோன் பண்ணி, “தம்பி, மல்லியப்பூ நெறைய வாங்கி வீட்டுல குடு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. பதுளைக் குளிரில் மல்லிகை எங்கே பூத்துக் கிடக்கிறது, பாவம் மனிதர் பசார் முழுக்க அலைந்து, இருந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து, அக்கா ஏதோ நேர்த்தி வைத்திருக்கிறார் என்று நினைத்து முருகன் படத்துக்குச் சாத்திவிட்டு, மிச்சத்தைக் கடைப் பிள்ளையாருக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். மறுநாள் நான் வந்து சேர்ந்தபோது முருகன் முகமே தெரியவில்லை, வீடெல்லாம் கல்யாண வீடு மாதிரி வாசம், உள்ளறையில் என் மருமகள் காய்ச்சலில் பல் கிட்டிப்போய்க் கிடந்தாள். உன் அத்தைக்குத் தம்பியிடம் மார்பு என்ற வார்த்தையைச் சொல்லக் கூச்சம். தாயிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கக் கூச்சமில்லை.

பால் கட்டிச் சீழ் பிடிக்கும் நிலை, வெட்டாமல் மருந்தோடு தப்பியது அவள் அதிர்ஷ்டம் என்று டொக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்த மிட்வைஃப் நளீரா, “புள்ள குடிச்சிருந்தாலே பாதி கொறஞ்சிருக்கும். புள்ள எங்க?” என்று கேட்டாள். “மொனராகலையில” என்று சொல்லும்போதுதான் பிரஷாந்தினி முதல்முதலாக அழுதாள். அதற்குப் பிறகு நான் உனக்கு எடுத்த ஃபோனில் என்ன பேசினேன் என்பதை இருவரும் அறிவோம். நீ பிள்ளையைக் கொண்டுவந்தாய், அது ஓடிவந்து தாய்மேல் விழுந்தது, வலி தாங்காமல் அவள் அலறினாள், பிள்ளை மிரண்டுபோய் நின்றது. இரண்டு நாளில் நீ விமானம் ஏறிவிட்டாய். பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். முன்பு அரைத் தூக்கத்தில் ஒரு தடவை குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தவள், நீ நிப்பாட்டிக் காட்டிய பிறகு இரவெல்லாம் விழித்து விழித்து, அம்மா இருக்கிறாளா என்று சட்டையைப் பிடித்துப் பார்த்துப் பார்த்துக் குடித்தாள். பசிக்குக் குடிக்கவில்லை, காவலுக்குக் குடித்தாள். பிரஷாந்தினி காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஹாலிஎல பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போவாள். அதையும் ஃபோனில் அவள் தலையில்தான் போட்டாய், “நான் நிப்பாட்டினத நீ திரும்பத் தொடக்கிட்ட” என்று.

உன் அத்தை இதை முதல் தடவை செய்யவில்லை என்பது உனக்குத் தெரியாது, இப்போது தெரிந்துகொள். நீ பால்குடியாக இருந்தபோது நான் ஒரு வழக்குச் செய்திக்காகக் கொழும்புக்குப் போனேன், வந்து பார்த்தால் நீ இல்லை. மொனராகலைக்கு உன்னைத் தேடிப் போனேன், “இன்னும் ரெண்டு வாரம் நிக்கட்டும் கமலா, இல்லாட்டி இவன் விடமாட்டான்” என்று வாசலிலேயே என்னைத் திருப்பி அனுப்பினார். வீட்டுக்கு வந்த புது மருமகள் நான், நெஞ்சு நனைந்துகொண்டிருக்கப் பஸ்ஸில் திரும்பி வந்தேன். உன்னைத் திருப்பித் தந்தபோது நீ அவரை அம்மா என்று கூப்பிட்டாய். நான் பேசாமல் இருந்தேன். பேசாததை அவர் மறதி என்று எடுத்துக்கொண்டார். எனக்கு மறதி கிடையாது, தொழில் அப்படி.

ஆவணியில் நீ ஃபோனில் பிரஷாந்தினியிடம் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் மேல். பொங்கலுக்கு வந்ததும் கவிஷாவைத் திரும்ப அத்தை வீட்டில் விடுவோம், இந்தத் தடவை ஒரு மாதம் என்று. ஃபோனை வைத்துவிட்டு அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “அத்தை, அவங்க வர்றதுக்குள்ள இவ ராத்திரிப் பால விட்டுட்டா கொண்டுபோக மாட்டாங்கதானே?” கொண்டுபோக விடமாட்டேன் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் செய்ததை நீ வரிவரியாகப் படி, ஏனென்றால் இதைத்தான் நீ ஒரே இரவில் செய்ததாகச் சொன்னாய்.

படுக்கவைக்கும்போது கொடுக்கிற பாலைக் கட்டிலில் இருந்து உட்காரும் கதிரைக்கு மாற்றினாள். விளக்கு எரியும்போதே குடித்து முடித்து, பல் துலக்கி, அதன்பிறகுதான் கட்டில். கட்டிலில் பால் கிடையாது, விடிந்தால் உண்டு. இதை இரவில் சண்டையாகச் சொல்லாமல் பகலில் விளையாடும்போதே சொல்லிவைத்தாள், “நாய்க்குட்டி தூங்குது, பாலும் தூங்குது, விடிஞ்சா எழும்பும்” என்று. கவிஷா பொம்மைக்கும் அதையே சொல்லிக்கொடுத்தாள். உன் அத்தை யாரிடமோ வேரோடு ஒரு கோமாரிக்காக் கன்றைக் கொடுத்தனுப்பி, அந்தக் கற்றாழைக் கசப்பை மார்பில் தடவச் சொல்லியிருந்தார். பிரஷாந்தினி அதைத் தொடவில்லை, “அது என்கிட்ட வர்றப்ப கசக்கக்கூடாது அத்தை” என்று என்னிடம் சொன்னாள். நான் அதைக் குப்பையில் போடாமல் ஒரு சட்டியில் நட்டுவைத்தேன். காரணம் கொஞ்சத்தில் வரும். பிள்ளை கழுத்தில் கைவிட்டு இழுக்காமல் இருக்கப் பிரஷாந்தினிக்கு ஒரு கழுத்து மூடிய சட்டை தேவைப்பட்டது, அலமாரியில் தேடியதில் உன் பழைய கிரிக்கெட் டீசேட் அகப்பட்டது, முதுகில் உன் பெயர் போட்டது. அதைத்தான் இரவில் போட்டுக்கொண்டாள். முதல் சில இரவுகள் கவிஷா அழுதாள், அழவில்லை என்று நான் எழுதமாட்டேன். ஆனால் தாய் பக்கத்தில் இருக்க, தாயின் கைக்குள் அழுதாள். அப்பா சின்ன டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார், பிறகு தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலில் ரயில் ஸ்டேஷன் வெளிச்சத்தைக் காட்டுவார். மல்லிகைப்பூவுக்கு அவர் செய்த பரிகாரம் அது என்று நான் சொன்னேன், சிரித்துக்கொண்டார். போகப்போக அழுகை சிணுங்கலாகி, சிணுங்கலும் நின்று, இப்போது அந்த டீசேட் கழுத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கிவிடுகிறாள். விடிந்ததும் எழுந்து, “பால் எழும்பிருச்சா?” என்று கேட்கிறாள், சில நாள் கேட்க மறந்து நாய்க்குட்டியைப் பார்க்க ஓடிவிடுகிறாள். இந்த வீட்டில் உன்னைவிட உன் டீசேட் உதவியது. இதையும் சரிபார்த்துவிட்டேன்.

இனி மொனராகலைச் செய்தி. போன ஞாயிறு அத்தை மகள் சுலோஜனாவின் பையனுக்குக் காதுகுத்து, எல்லாச் சொந்தமும் வந்திருந்தது, கட்டைவிரல் போட்டவர்கள் ஒருவர் மிச்சமில்லை. சீரோடு சீராக நான் அந்தக் கோமாரிக்காச் சட்டியையும் கொண்டுபோனேன், நன்றாக வளர்ந்து பக்கக் கன்றும் விட்டிருந்தது. எல்லோரும் பார்க்க அத்தை கையில் கொடுத்து, “அண்ணி, நீங்க அனுப்பினது. எங்களுக்குத் தேவப்படல. கவிஷா தானாவே விட்டுக்கிட்டு வர்றா” என்றேன். அவர் சட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்று, “விஜி அன்னைக்கே நிப்பாட்டிக் குடுத்ததுதானே” என்றார். நான் காத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்கு. எந்த அதிகாரியிடமும் கேட்பதைப் போல மெதுவாகக் கேட்டேன். அன்றைக்குப் பிள்ளை எப்போது தூங்கியது என்றேன். “படுத்த ஒடன தூங்கிருச்சு” என்றார். யார் பக்கத்தில் என்றேன். “விஜி பக்கத்துலதான்.” இடையில் எழும்பியதா என்றேன். “எழும்பவே இல்ல.” வடைத் தட்டோடு வந்த சுலோஜனா அப்படியே நின்றுவிட்டாள். “என்னாம்மா சொல்றீங்க? விடிய விடிய அழுதுச்சே. பக்கத்து வீட்டு முதலாளி டோர்ச் அடிச்சுக்கிட்டு வந்து யாருக்குச் சொகமில்லனு கேட்டாரு, மறந்துட்டீங்களா? விஜி மச்சான் காதுல இயர்ஃபோன மாட்டிக்கிட்டு ஹால்ல போய்ப் படுத்துட்டாரு. நான்தான் தூக்கிக்கிட்டு நடந்தேன்” என்றாள். அவள் உனக்கு எதிராகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள், அதனால்தான் அதற்கு அத்தனை பலம். பிறகு மூலையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஹாலிஎல சித்தப்பா, “அப்ப நிப்பாட்டுனது யாரு, இயர்ஃபோனா?” என்று கேட்டார். பெண்கள் சிரித்த சிரிப்பு பந்தலைத் தாண்டிப் போனது. எனக்கு அது இனித்தது மகனே, மறைக்கமாட்டேன். காதுகுத்துச் சர்க்கரையைவிட இனித்தது.

கிளம்பும்போது அத்தை என் கையைப் பிடித்து, “வயசான காலத்துல என்னைய இப்படி வச்சுட்டியே கமலா” என்றார். “விஜிய நீங்க திருப்பித் தந்தப்ப அவன் என்னைய அம்மான்னு கூப்பிடல அண்ணி. அந்தப் பஸ்ஸுல நான் எப்படி வந்தேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?” என்றேன். அவர் கோமாரிக்காச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று மாலையே குழுவில் நான் ஒரு திருத்தம் போட்டேன், நீ பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய் என்று நீல நிறக் குறி சொல்கிறது. “வைகாசியில் வெளியான குரல்பதிவில் பிழை உண்டு. கவிஷாவின் இரவுப் பாலை நிறுத்தி வருபவர் அவள் தாய் பிரஷாந்தினி. தந்தை அன்றிரவு இயர்ஃபோனுடன் தூங்கினார். ஆதாரம்: அந்த வீட்டில் இருந்தவர்.” இந்தத் தடவை கட்டைவிரல் வரவில்லை, கண்ணீர் வரச் சிரிக்கும் முகங்கள்தான் வந்தன. இரண்டு தரப்பையும் கேட்காமல் நான் எதையும் வெளியிடுவதில்லை, போடுவதற்கு முன் அந்த மொனராகலை இரவு பற்றி உன்னிடமும் ஃபோனில் கேட்டேன், “அம்மா, வேலையில இருக்கேன்” என்றாய். அதையும் பதிந்துவைத்திருக்கிறேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்காதே, அத்தையின் பங்குதான் முடிந்தது. உன் பங்கு பொங்கலுக்கு. பிரஷாந்தினி பண்டாரவளையில் தங்கிப் படிக்கும் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள், நீ வந்து ஒரு வாரத்தில் தொடங்கும், கிடைத்தால் சனி ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வருவாள், அதற்குள் பகல் பாலையும் இதே மாதிரி மெல்லக் குறைத்துவிடுவாள். நான்தான் விண்ணப்பிக்கச் சொன்னேன். அந்த இரவுகளில் கவிஷாவின் பக்கத்தில் நீ படுப்பாய். அவள் விழித்தால் நீ எழும்புவாய், தண்ணீர் நீ கொடுப்பாய், ஜன்னலுக்கு நீ தூக்கிக்கொண்டு போவாய், அம்மா எங்கே என்று கேட்டால் உண்மையை நீ சொல்வாய். நானும் அப்பாவும் கதவுக்கு இந்தப் பக்கம் இருப்போம், பிள்ளைக்காக இருப்போம், உனக்காக இல்லை. மொனராகலை பஸ்ஸில் அவளை ஏற்றும் எண்ணம் இருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு வா. ஒரு விஷயம் மட்டும் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். வீடியோவில் உன் முகம் தெரிந்ததும் அவள் தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏதோ சொல்வாளே, நீயும் “என்னா சொல்லுது, கேக்கல” என்பாயே. “பஸ் வேணாம்” என்று சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்கிறாள்.

முருகன் துணையால் நீ நோய்நொடி இல்லாமல், கைகால் சுகத்தோடு வந்து சேர வேண்டும், உன் உழைப்பு உன் பிள்ளைக்குப் பலிக்க வேண்டும், கோபத்தில் எழுதினாலும் இதில் குறைவைக்கமாட்டேன். வரும்போது கவிஷாவுக்குக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் கொண்டுவா, அளவைப் பிரஷாந்தினியிடம் கேள், அவளிடம் கேட்கப் பழகு. இயர்ஃபோனைக் கொண்டுவராதே. பயிற்சிக்குத் தெரிவானவர்கள் யார் என்பது வெள்ளிக்கிழமை தெரியும் என்று கல்வி அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அந்த டீசேட்டுக்கு “அப்பாச் சட்டை” என்று கவிஷாவே பெயர் வைத்திருக்கிறாள். சட்டையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறவள், அதன் சொந்தக்காரரைப் பக்கத்தில் படுக்கவிடுவாளா என்பது இன்னும் உறுதியாகவில்லை. நீ வந்து இறங்கும் நாள் இரவு தெரியும்.

இப்படிக்கு,
உனக்கும் பால் கொடுத்த,
உன் அம்மா கமலாதேவி.